கிடங்கு விளிம்பில் நின்றவர்

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றபோது சங்கிலி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் கை தானாக நின்றது. பெரிய வண்டியா சின்ன வண்டியா என்று காது முதலில் பிரித்துப் பார்த்தது. பன்னிரண்டு வருஷமாக அவருக்கு இதே பழக்கம்தான். எந்த வண்டி வந்தாலும், அது தன் வீட்டைத் தாண்டிப் போகிற வரைக்கும் மூச்சை முழுசாக விடமாட்டார். இந்த வண்டி தாண்டிப் போகவில்லை.

இறங்கியவள் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தாள். கீழக்குயில்குடியைத் தாண்டி மேற்கே வெகுதூரம் புழுதியில் வந்திருக்கிறாள் என்பது கண் இமையிலேயே தெரிந்தது.

"சங்கிலி தோழர் வீடு இதுதானே?"

தோழர் என்று அவரை யாரும் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவர் எழுந்து, முதலில் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"உள்ள வாங்கம்மா. வண்டியக் கொஞ்சம் அந்தச் சந்துல விட்டுருங்க."

அவள் பெயர் தமிழ்வாணி. தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒரு மாடியில் இருக்கிற சம்மேளன ஆபீசில் வேலை பார்க்கிறாள். நாடு முழுக்க உள்ள சுரங்கத் தொழிலாளர்களின் சம்மேளனம் அது. அதன் வரலாறு பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு புத்தகமாக வந்திருந்தது. இப்போது அதைத் திருத்தி மறுபடியும் அச்சடிக்கப் போகிறார்கள். தெற்குப் பக்கத்துக் குவாரிக் கிளைகளைப் பற்றிய பகுதி அவள் பொறுப்பு.

"உங்க கிளையைப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருக்கு தோழர். அது சரியான்னு கேட்டுட்டுப் போகலாம்னு..."

"சரிதாம்மா," என்றார் சங்கிலி. "அதுல எழுதியிருக்கது சரிதான்."

"எந்த வரின்னு நான் இன்னும் சொல்லலையே."

"தெரியும்."

அடுப்படியில் மனைவி ராமக்காள் சட்டியை மூடிய சத்தம் வேண்டுமென்றே பெரிதாகக் கேட்டது. அந்த வரி அந்த வீட்டில் மூன்று பேருக்கும் மனப்பாடம். 'செயலாளர் சங்கிலி நிர்வாகத்திடம் விலைபோனதால் கிளை கலைந்தது.' புத்தகம் வந்த புதிதில் டீக்கடையில் எவனோ அதைச் சத்தம் போட்டுப் படித்தான். அன்று சங்கிலியின் மகன் பீமாராவ் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தான். அதற்குப் பிறகு அவன் அப்பாவோடு சேர்ந்து டீக்கடைப் பக்கம் போனதில்லை.

நடந்தது வேறு. அது சங்கிலிக்கும் ராமக்காளுக்கும் மட்டும் தெரியும்.

ஊருக்கு மேற்கே இருக்கிற கரட்டை, அந்த மொட்டைப் பாறைக் குன்றைத்தான் குவாரிக்காரர்கள் வெட்டி எடுத்தார்கள். சங்கிலி அங்கே வெடிக்குக் குழி போடுகிற ஆள். கம்ப்ரசர் மிஷினைப் பாறையில் அழுத்திப் பிடித்து நாள் முழுக்கத் துளைப்பார். கல்தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது அப்படித்தான். வெடியில் ஒருத்தன் சாவான், கல் உருண்டு ஒருத்தனுக்குக் கால் போகும், மறுநாள் வேறு ஒருத்தன் அந்த இடத்தில் நிற்பான். கேட்க நாதியில்லை. அப்போதுதான் மதுரையில் சம்மேளனம் நடத்திய வகுப்புக்கு யாரோ அவரைக் கூட்டிப்போனார்கள்.

அங்கே கேட்ட கதையை அவர் மறக்கவே இல்லை. வடக்கே நிலக்கரிக் குழி ஒன்றில் வெள்ளம் புகுந்து, உள்ளே போனவர்கள் மேலே வராமல் போனதும், கூடை சுமக்கிற பெண்கள் குழி வாயில் உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டோம் என்று சொன்னதும்தான் சம்மேளனத்தின் தொடக்கம் என்றார்கள். பிறகு அது இரும்புச் சுரங்கத்துக்குப் போனது, தங்கச் சுரங்கத்துக்குப் போனது, கடைசியில் தெற்கே கல் உடைக்கிறவர்களிடமும் வந்தது. சங்கிலி திரும்பி வந்து இதை மத்தியானச் சோற்று நேரத்தில் ஒவ்வொருவரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே மயிர் சிலிர்க்கும். நம்மைப் போல உள்ளவர்கள்தான் இதைச் செய்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் புதுசாக இருந்தது. ஆள் சேர்ந்தது. கிளை பிறந்தது. சங்கிலி செயலாளர்.

கொடியேற்ற இருந்ததற்கு முந்தைய நாள் குவாரி ஜீப் அவரை ஏற்றிக்கொண்டு போனது. கரட்டின் பின்பக்கம் வெட்டி முடித்துக் கைவிட்ட கல்லுக்கிடங்கு ஒன்று இருக்கிறது. பனைமர உயரத்துக்குச் செங்குத்தாகப் பள்ளம், அடியில் பாசி பிடித்த தண்ணீர். அந்த விளிம்பில் அவரை நிறுத்தினார்கள். குவாரிக்கு ஆள் அம்பு எல்லாம் பார்க்கிற உக்கிரபாண்டி ஜீப்பில் உட்கார்ந்துகொண்டான். அடிக்கவில்லை, திட்டவில்லை. வெயிலில் நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"சங்கிலி, ஒம் மகனுக்கு நீச்சல் தெரியுமா?"

பீமாராவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நீச்சல் தெரியாது.

மறுநாள் சங்கிலி கிளையைக் கலைத்தார். காரணம் கேட்டவர்களிடம் எனக்கு ஒத்துவராது என்று மட்டும் சொன்னார். பணம் வாங்கிவிட்டான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. மறுத்தால் நடந்ததைச் சொல்ல வேண்டும், சொன்னால் அது உக்கிரபாண்டி காதுக்குப் போகும்.

இதில் எதையும் அவர் இப்போது தமிழ்வாணியிடம் சொல்லவில்லை. அவளோ கிளம்பவில்லை. தகரக் கூரையைப் பார்த்தாள், சுவரில் மாட்டியிருந்த மருந்துப் பையைப் பார்த்தாள்.

"தோழர், நான் பழைய அறிக்கை எல்லாத்தையும் படிச்சேன். நிலக்கரிப் பக்கம், தங்கவயல் பக்கம், எல்லா ஊர்லயும் இந்த வார்த்தை வருது. விலைபோனார், விலைபோனார்னு. எழுதினவங்க யாரும் அந்த ஆள்கிட்டப் போய்க் கேட்ட மாதிரித் தெரியல. இத்தனை பேருமா விலைபோயிருப்பாங்க? எனக்கு அது நம்பிக்கையா இல்ல."

 சங்கிலி இருமல் வந்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க கெளம்புங்கம்மா. இருட்டுறதுக்குள்ள நாகமலை தாண்டிருங்க."

ராமக்காள்தான் வாசல் வரை போனாள். "ஒன் நம்பர என் போன்ல போட்டுட்டுப் போ தாயி," என்று மெதுவாகச் சொன்னாள்.

* * *

மறுநாள் சாயந்திரம் உக்கிரபாண்டி வந்தான்.

கையில் ஒரு பை கமலா ஆரஞ்சு. சங்கிலியை விடப் பத்து வயது சின்னவன். ஆனாலும் அவன் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். சங்கிலிதான் அவனை அண்ணே என்பார்.

"ஒடம்பு எப்புடி இருக்கு சங்கிலி? கோரிப்பாளையத்துக்கு வைத்தியத்துக்குப் போயிட்டு வாரியாமே."

"ஆமாண்ணே. மூச்சுதான்."

"பாத்துக்க. மூச்சு முக்கியம்." பையை ராமக்காளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் அதைத் தரையில் வைத்தான். "நேத்து ஒரு பொம்பளப்புள்ள வந்துச்சாமே. தல்லாகுளத்துப் புள்ள."

"பழைய கணக்கு ஏதோ கேட்டுச்சுண்ணே. ஒண்ணும் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"நீ சொல்ல மாட்ட. எனக்குத் தெரியாதா?" அவன் சிரித்தான். கண்ணும் சேர்ந்து சிரித்தது, அதுதான் பயமாக இருந்தது. "தம்பி பீமாராவு நல்லா வேலை பாக்குறான். பொக்லைன் அவன் கையில பேசுது. ஆனா என்னமோ கொடி, கிளைன்னு பயலுகளக் கூட்டிவச்சுப் பேசுறானாம். ஞாயித்துக்கெழம முக்குல கொடி ஏத்துறாகளாம். ஒனக்குத் தெரியுமா?"

சங்கிலிக்குத் தெரியாது. தெரியாது என்பது முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். உக்கிரபாண்டி அதைப் பார்த்துக்கொண்டே எழுந்தான்.

"பேசிப் பாரு. தகப்பன் சொன்னாக் கேப்பான்."

அவன் போன பிறகு ராமக்காள் அந்தப் பையை எடுத்துப்போய்க் குப்பைமேட்டில் எறிந்தாள். 

பீமாராவ் வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்தான். முதல் உருண்டையை எடுப்பதற்குள் சங்கிலி கேட்டுவிட்டார்.

"கொடி ஏத்தப் போறியாக்கும்?"

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன. வேணாம்டா. வேற குவாரி பாத்துக்கலாம். திருச்சிப் பக்கம் போயிரு. கோயம்புத்தூரு போயிரு."

"போன மாசம் முத்துக்குமரன் தலைக்கு மேல கல்லு விழுந்துச்சு. ஹெல்மெட்டு இல்ல. ஒரு சாண் தள்ளி நின்னான், தப்பிச்சான். அவனும் கோயம்புத்தூரு போகணுமா? எல்லாருமே கோயம்புத்தூரு போயிரணுமா?"

"நான் சொல்றதக் கேளு. அவங்கெ ஒன்னையச் சும்மா விட மாட்டாங்கெ."

பீமாராவ் தட்டைத் தள்ளி வைத்தான். அவனுக்குக் குரல் உயரவில்லை. அமைதியாகத்தான் சொன்னான்.

"அப்பா, சங்கத்துல சேரச் சொல்லி நான் போற எடத்துல எல்லாம் மொதக் கேள்வி என்ன தெரியுமா? ஒங்க அப்பன் வித்தான், நீ எப்ப விப்பேங்குறாங்கெ. சம்மேளனம் ஆரம்பிச்ச கதைய நீதான் எனக்குச் சொன்ன. குழி வாயில உக்காந்த பொம்பளைக கதைய. நான் சின்னப்புள்ளயா இருந்தப்ப ஒன் மடியில படுத்துக்கிட்டுக் கேட்டேன். அம்புட்டையும் சொல்லிட்டு நீ போயி..."

"பீமா," என்றாள் ராமக்காள்.

அவன் நிறுத்திவிட்டு எழுந்து போனான். ராமக்காள் புருஷனைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று அந்தப் பார்வை கேட்டது. சங்கிலி தலையை ஆட்டினார். சொன்னால் அவன் கோபத்தில் நேராக உக்கிரபாண்டியிடம் போய் நிற்பான். மகனை அவருக்குத் தெரியும். மகன் தன்னைக் கேவலமாக நினைத்துக்கொண்டு உயிரோடு இருந்தால் போதும் என்றுதான் அவர் இத்தனை வருஷத்தையும் தள்ளினார்.

* * *

ஞாயிற்றுக்கிழமை குவாரி லீவு. காலையில் பீமாராவுக்குப் போன் வந்தது. பொக்லைனில் ஆயில் ஒழுகுகிறது, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ என்றார்கள். சாயந்திரம்தான் கொடியேற்று, அதற்குள் வந்துவிடலாம் என்று அவன் போனான்.

வெயில் ஏறிய நேரத்தில் முத்துக்குமரன் மூச்சிரைக்க ஓடிவந்தான். பீமாராவோடு வேலை பார்க்கிறவன், கல் விழுந்து தப்பித்தவன்.

"சித்தப்பா, பீமாவ ஜீப்புல ஏத்திட்டாங்கெ. மிஷின் பக்கம் போகல. பின்னாடிப் பாதையில போறாங்கெ. கூடப் போன என்னைய உள்ள விடாம வாசக் கேட்டப் பூட்டிட்டாங்கெ."

ராமக்காள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சங்கிலிக்கு எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.  நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். ஓடி ஒளிந்துகொள் என்றுதான் உடம்பு சொன்னது. கதவைச் சாத்திக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு, மூலையில் உட்கார்ந்துகொள் என்றது.

"முத்து, நீ போயி ஆளுகளக் கூட்டு. ஆம்பள பொம்பள எல்லாரையும். கிரஷர்ல வேலை பாக்குறவுக வீட்டுல எல்லாம் சொல்லு. கெடங்குக்கு வரச் சொல்லு."

பிறகு ராமக்காளிடம் கையை நீட்டினார். "போனக் குடு. அந்தப் புள்ள நம்பரப் போட்டுக் குடு."

கரட்டுக்குப் பின்பக்கமாக ஆடு மேய்க்கிறவர்கள் ஏறுகிற ஒற்றையடிப் பாதை உண்டு. கருவேலமும் கள்ளியும் அடைத்த பாதை. சங்கிலி அதில் ஏறத் தொடங்கினார். பத்தடி ஏறினால் நெஞ்சு விசிலடித்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே ஏறினார். தமிழ்வாணி எடுத்தாள்.

"தாயி, நான் சங்கிலி பேசுறேன். அந்த வரி தப்பு."

"தோழர்? என்ன ஆச்சு, ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"நான் விலைபோகல. என்னையக் கெடங்கு வெளிம்புல நிக்க வச்சாங்கெ. நிக்க வச்சது உக்கிரபாண்டி. எம் மகனுக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டான். அதுக்குப் பயந்துதான் கலைச்சேன். எழுதிக்கிட்டியா? பேரு போட்டு எழுது. இப்ப எம் மகன அதே எடத்துக்குக் கூட்டிப் போயிருக்கான். நான் மேல ஏறிக்கிட்டிருக்கேன்."

 அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது, அவள் யாரையோ கத்திக் கூப்பிட்டாள்.

"தோழர், போனைக் கட் பண்ணாதீங்க. நான் இன்னொரு போன்ல போலீசுக்குச் சொல்றேன், நம்ம ஆளுங்களுக்குச் சொல்றேன். இது லைன்லயே இருக்கட்டும். பதிவாகுது. சட்டைப் பையில போட்டுக்கோங்க. கேக்குதா?"

"கேக்குது."

"பயப்படாதீங்க."

"பயமாத்தான் இருக்கு தாயி," என்றார் சங்கிலி.

கடைசி ஏற்றத்தில் அவர் தவழ்ந்துதான் போனார். கையில் முள் ஏறியது தெரியவில்லை. மேலே வந்து தலையைத் தூக்கியபோது, பன்னிரண்டு வருஷமாகக் கண்ணை மூடினால் வருகிற அதே காட்சி முன்னால் இருந்தது. அதே பாறை. அதே வெள்ளை வெயில். விளிம்பில் முதுகைப் பள்ளத்துக்குக் காட்டிக்கொண்டு பீமாராவ் நின்றான். சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. ஜீப் நிழலில் உக்கிரபாண்டியும் இன்னும் இரண்டு பேரும்.

"அட," என்றான் உக்கிரபாண்டி. "வா சங்கிலி. பழைய எடம் மறக்கலையே?"

பீமாராவ் திரும்பி அப்பாவைப் பார்த்தான். பழைய எடம் என்ற வார்த்தை அவனுக்குள் போய்ச் சேருவதை சங்கிலி பார்த்தார். 

சங்கிலி மகனை நோக்கி நடந்தார்.  கடைசி இரண்டடியை நடக்க முடியாமல் பாறையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து போய், மகனுடைய இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். கீழே தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன, ரெண்டு பேருமா?" உக்கிரபாண்டி எழுந்து வந்தான். செருப்பு ஜல்லியில் நறநறத்தது. கிட்டத்தில் வந்து நின்றான். அவன் வேட்டியிலிருந்து சோப்பு வாசம் அடித்தது. "நான் பேசிப் பாருன்னுதானே சொன்னேன்?"

"அண்ணே, போன்ல ஆளு கேட்டுக்கிட்டிருக்காக," என்றார் சங்கிலி. குரல் கீச்சென்று வந்தது.

"என்ன?"

சட்டைப் பைக்குள்ளிருந்து தமிழ்வாணியின் குரல் வந்தது. அதுவும் நடுங்கித்தான் இருந்தது. "உக்கிரபாண்டி அண்ணே, எல்லாம் கேக்குது. போலீசுக்கும் சொல்லியாச்சு. அவங்க ரெண்டு பேரும் கீழ இறங்குற வரைக்கும் நான் போனை வைக்க மாட்டேன்."

உக்கிரபாண்டி குனிந்தான். சங்கிலியின் சட்டைப் பையில் கைவிட்டுப் போனை எடுத்தான். அதை ஒரு பார்வை பார்த்தான், பிறகு கையை வீசிப் பள்ளத்தில் எறிந்தான். அது தண்ணீரில் விழுந்த சத்தம் வர நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் ஒருவரும் அசையவில்லை. சங்கிலி இன்னும் இறுக்கிப் பிடித்தார். மகனுடைய கால் சதை அவர் கைக்குள் துடித்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரு கை தள்ளினால் போதும், கேட்க யாருமில்லை. உக்கிரபாண்டி அதைத்தான் யோசிக்கிறான் என்று அவருக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்து அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கால் முன்னால் வருமா, பின்னால் போகுமா?

கரட்டுக்குக் கீழே பெண்களின் குரல் கேட்டது. வெகு தூரத்தில்தான். யாரோ பீமாராவ் பேரைச் சொல்லிக் கூவினார்கள்.

கால் பின்னால் போனது.

"தெரிஞ்ச பாதைதானே," என்றான் உக்கிரபாண்டி, எதுவுமே நடக்காதது போல. "அப்பனும் மகனும் பத்திரமா எறங்கிப் போங்க. கல்லு சறுக்கும்."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அது போன பிறகும் சங்கிலியால் கையை எடுக்க முடியவில்லை. பீமாராவ்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். பிறகு அவனும் பாறையில் உட்கார்ந்து, விளிம்பிலிருந்து அப்பாவை உள்ளே இழுத்தான். இருவரும் கருவேல நிழலில் கிடந்தார்கள். 

"அப்பா, அன்னைக்கு நீ எம்புட்டு நேரம் நின்ன?"

"பொழுது சாயுற வரைக்கும்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

 பீமாராவ் அப்பாவின் உள்ளங்கையைத் திருப்பி, அதில் ஏறியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினான். முள் உடைந்து உடைந்து வந்தது. முதலில் மேலே வந்த ராமக்காள் இருவரையும் அப்படித்தான் பார்த்தாள்.

* * *

சம்மேளனத்துக்காரர்கள் மதுரையிலிருந்து வந்து போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். புகார் எழுதி வாங்கவே சாயந்திரம் ஆகிவிட்டது; அன்றைய கொடியேற்று நின்றுபோனது. அடித்தார்களா என்று கேட்டார்கள், அடிக்கவில்லை. தள்ளினார்களா என்று கேட்டார்கள், தள்ளவில்லை. பிறகு என்னதான் செய்தார்கள் என்று கேட்டார்கள். "நிக்க வச்சாங்க சார்," என்றார் சங்கிலி. தமிழ்வாணி தன் போனில் பதிவானதைப் போட்டுக் காட்டிய பிறகுதான் எழுத ஆரம்பித்தார்கள். உக்கிரபாண்டி சில வாரம் ஊரில் இல்லை. பிறகு ஜாமீனில் வந்தான்.

கிளையில் சேருகிறேன் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் பின்வாங்கிவிட்டார்கள். பீமாராவ் அவர்களிடம் கோபப்படவில்லை. முன்பெல்லாம் கோபப்பட்டிருப்பான். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், பயமாக இருந்தால் பரவாயில்லை, இருந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்றான். இரண்டு பேர் குடும்பத்தோடு திருப்பூருக்கே போய்விட்டார்கள்.

தமிழ்வாணி புத்தகத்தின் புதிய பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்து படித்துக் காட்டினாள். மிரட்டியது எப்படி, யார், கிளை ஏன் கலைந்தது எல்லாம் இருந்தது.

"உங்க பேரை எடுத்துறவா தோழர்? ஒரு செயலாளர்னு மட்டும் போடலாம். உங்களுக்கு ஆபத்து வரக் கூடாதுல்ல."

 பேரை எடுத்துவிட்டால் ராத்திரி தூங்கலாம். எடுத்துவிடு என்று சொல்லத்தான் சங்கிலிக்கு வாய் வந்தது. அடுப்படியில் ராமக்காள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இருக்கட்டும்," என்றார். "பயந்தான்னு இருக்குல்ல, அதுவும் இருக்கட்டும். அது உண்மைதானே."

மாசி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கில் கொடிக்கம்பம் நட்டார்கள். வந்தது இருபது முப்பது பேர்தான். சம்மேளனத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் வடக்கத்தி நிலக்கரிக் குழியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சங்கிலி முன்னால் போகவில்லை. தேவைப்பட்டால் ஓடுவதற்கு வசதியாக, பஸ் ஸ்டாப் சுவரை ஒட்டி நின்றார்.

பேச்சு நடக்கும்போதே குவாரி ஜீப் வந்தது. நிற்கவில்லை. கூட்டத்தை ஒட்டி, ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெயில் பட்ட கண்ணாடியில் தெரியவில்லை. பெரியவர் பேச்சை நிறுத்தினார். பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த பெண் ஒருத்தி அதை இறுக்கி அணைத்துக்கொண்டாள். சங்கிலியின் கை பக்கத்தில் நின்ற முத்துக்குமரனின் தோளை இறுக்கிப் பிடித்தது. அவனும் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். 

ஒருவரும் ஓடவில்லை.  ஜீப் வளைவு திரும்பி, அதன் சத்தம் முழுசாக அடங்குகிற வரைக்கும் அப்படியே நின்றார்கள்.

பீமாராவ் கயிற்றை இழுத்தான். கொடி பாதியில் சிக்கிக்கொண்டது. யாரோ ஒருவன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிக்கை எடுக்கக் கம்பத்தில் ஏறினான்.